நூற்றுநான்கு கிலோமீற்றரும் ஒரு கேள்வியும்

செவ்வாய், காலை 6.40. சண்டிலிப்பாய்.

பங்குனி வெயில் ஏறுவதற்குள் புறப்பட்டுவிட வேண்டும் என்று ஐந்து மணியிலிருந்தே வீட்டு வாசலுக்கும் படலைக்குமாக முற்றத்தில் நடந்துகொண்டிருந்தேன். இருந்த இடத்தில் இருக்க எனக்கு வராது. பிறவிக் குணம். "இஞ்சாருங்கோ, உந்த முத்தத்திலை குழி விழப்போகுது," என்று குசினிக்குள் இருந்து என் மனைவி தயா சொல்லும் சத்தம் கேட்டது.

ஊர் பார்க்கப் போகும் பயணம் அல்ல இது. பெற்றோல் நிலையத்தில் தாங்கியை நிறைத்துக்கொண்டு, குடாநாட்டை ஒரு சுற்றுச் சுற்றி, அதே நிலையத்துக்குத் திரும்பி வந்து மறுபடி நிறைக்க வேண்டும். இரண்டாம் முறை எத்தனை லீற்றர் பிடிக்கிறதோ, அத்தனையும் அன்று கார் குடித்தது. கணக்கு அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு மனிதரின் பெயர் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் குணம் அண்ணை, எங்கள் காரின் சாரதி. அடுத்த ஒழுங்கை. அறுபத்திரண்டு வயது, என்னைவிட ஐந்து வயது மூப்பு. நான் தண்ணீர்ப் பம்புகளின் உதிரிப்பாகங்களைக் கடைகளுக்குக் கொடுக்கும் வியாபாரி. இரண்டு வருடத்துக்கு முன், ஆள் வரும்வரை பொறுக்க மாட்டாமல் ஒரு பம்பை நானே தூக்கப்போய் நாரியில் எலும்பு விலகிவிட்டது. இனிக் கார் ஓட்டக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அன்று தொடக்கம் குணம் அண்ணைதான் ஓட்டுகிறார்.

கார் பதினைந்து வருடப் பழையது. நான் ஓட்டிய காலத்தில் லீற்றருக்குப் பதினாலு, பதினைந்து கிலோமீற்றர் ஓடும். இப்போது பத்து. எண்ணெய் மாற்றிப் பார்த்தோம், பிளக் மாற்றிப் பார்த்தோம், காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டிப் பார்த்தோம். அதே பத்து. ஒருநாள் இராச் சாப்பாட்டில் தயா கேட்டாள்:

"பெற்றோலைக் குடிக்கிறது காரோ, ஆளோ?"

"சும்மா கதையாதையும். குணம் அண்ணை அப்பிடிப்பட்ட ஆளில்லை."

"அப்பிடிப்பட்ட ஆள் எண்டு நெத்தியிலை எழுதி ஒட்டிக்கொண்டு ஆரும் வாறேல்லை."

அடுத்த வாரம் அவள் தாங்கிக்குப் பூட்டுப் போட்ட மூடி ஒன்று வாங்கி வந்தாள். திறப்பு என் சட்டைப் பையில். அப்படியும் கார் பத்தைத் தாண்டவில்லை. "உப்பிடி ஒரு திறப்பு அவர் வெட்டி வைச்சிருப்பார். கள்ளன் பெரிசோ, காப்பான் பெரிசோ?" என்றாள் தயா. கடைசியில் தவணை வைத்துவிட்டாள். "வெள்ளிக்கிழமை தொடக்கம் வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. உங்களுக்கு வாய் வராட்டி நான் சொல்லுறன்."

வேலை போவது ஒன்று. 'பெற்றோல் கள்ளன்' என்ற பெயரோடு அறுபத்திரண்டு வயதில் அந்த ஒழுங்கைக்குள் எப்படி நடப்பார்? இதை நினைத்து நினைத்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதே வேளை, உண்மையைச் சொல்லிவிட வேண்டும், பாதி நம்பவும் செய்தேன். அந்தப் பாதிதான் என்னைத் தூங்க விடவில்லை.

7.05. பெற்றோல் நிலையம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றர். வழக்கமாக "இரண்டாயிரத்துக்கு அடியுங்கோ" என்று சொல்வதோடு சரி. இன்று நானே இறங்கி நின்றேன். குழாய் தானாக வெட்டியதும் ஒரு நிமிடம் பொறுத்து, இன்னொரு முறை வெட்டும்வரை அடிக்கச் சொன்னேன். கார் நின்ற இடத்தை நிலத்து ஓட்டை ஒன்றை வைத்து மனதில் குறித்துக்கொண்டேன். சரிவில் நின்றால் அரை லீற்றர் கூடக் குறையப் பிடிக்கும் அல்லவா? பிறகு மூடியைப் பூட்டித் திறப்பைப் பையில் போட்டேன். குணம் அண்ணை கண்ணாடியில் அதைப் பார்த்தார்.

பயண மீற்றரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன். அதையும் பார்த்தார்.

"இண்டைக்கு நீளப் பயணமோ தம்பி?"

"ஓம் அண்ணை. வழமைபோல ஓடுங்கோ. ஒண்டையும் மாத்த வேண்டாம்."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எவ்வளவு கேவலமாக ஒலித்தது என்று தெரிந்தது.

7.30. வட்டுக்கோட்டை. பழைய கல்லூரியின் பெரிய மரங்கள் வீதிக்கு மேல் கிளை நீட்டியிருக்கும் இடத்தைத் தாண்டினால் தோட்டங்கள். புகையிலை வெட்டு நடந்துகொண்டிருந்தது. சிவந்த மண்ணில் வெட்டிய இலைகளைக் கிடத்தி வெயில் காட்டியிருந்தார்கள். இரண்டு கிணறுகளில் பம்பு ஓடும் சத்தம் கேட்டது. ஒன்றின் வால்வு தேய்ந்திருக்கிறது என்று காரில் இருந்தபடியே சொல்வேன். என் தொழில் அது. நான் சாமான் விற்கும் பம்பு மணிக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொந்தக் கார் குடிப்பதற்கு மட்டும் விடை இல்லை. வெட்கக்கேடு!

கடையில் இருபத்தைந்து நிமிடம். ஓடர் எழுதும்போதும் கண் காரிலேயே இருந்தது. குணம் அண்ணை ஆசனத்தில் அசையாமல் இருந்து பத்திரிகை வாசித்தார். தாங்கிப் பக்கம் தலை திரும்பவில்லை.

8.50. சங்கானை, தெல்லிப்பழை, புன்னாலைக்கட்டுவன் கடந்து அச்சுவேலி. வழியில் மூன்று இடத்தில் "முந்துங்கோ அண்ணை, உந்த லான்ட்மாஸ்ரருக்குப் பின்னாலை எவ்வளவு நேரம் ஊருறது?" என்றேன். அவர் முந்தினார். முந்திய கையோடு அடுத்த சந்தியில் பிறேக் போட்டார். லான்ட்மாஸ்ரர்க்காரன் பெட்டி பூட்டிய அந்தக் கை உழவு இயந்திரத்தில் ஆடி அசைந்து வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்று வெற்றிலைச் சிரிப்புச் சிரித்தான். அவனுடைய சிரிப்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அச்சுவேலியில் நாற்பது நிமிடம் போனது. கடைக்காரர் தேத்தண்ணீர் தராமல் விடமாட்டார். வெயில் ஏறிவிட்டது. திரும்பி வந்து கார்க் கதவைத் திறந்தபோது உள்ளே மார்கழி மாதம்போல் குளிர்ந்து கிடந்தது. முதுகை ஆசனத்தில் வைத்ததும் நாரி 'அப்பாடா' என்றது. "வெளிக்கிடுவம், வெளிக்கிடுவம்," என்றேன். கார் கதவு பூட்ட முன்னமே நகர்ந்தது. எனக்கு அப்படித்தான் வேண்டும்.

10.00. தொண்டைமானாறு. பாலத்தில் காற்று. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வெயிலில் வற்றத் தொடங்கிய நீரேரி. இங்கிருந்து வல்வெட்டித்துறை நாலு கிலோமீற்றர். இடது கைப்பக்கம் கடல் வீட்டுச் சுவர்களுக்கு இடையில் துண்டு துண்டாகத் தெரிந்தது. கடற்கரையில் நீலமும் சிவப்பும் பூசிய படகுகள். அழகான பாதை. எனக்கோ பெற்றோல் முள்ளை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. முள் கொஞ்சம் இறங்கியிருந்தது. எப்போது இறங்கியது? நான் கடைக்குள் நின்றபோதா? சந்தேகம் பிடித்தவனுக்குக் கடலும் கண்ணில் படாது.

10.15. வல்வெட்டித்துறையில் எங்கள் வாடிக்கை யோகம் அக்கா. படகு எஞ்சின்களுக்கும் பம்புகளுக்கும் சாமான் விற்கும் கடை. புருசன் கடலுக்குப் போகிறவர், கடை முழுக்க இவவின் கையில். ஆள் வாயைத் திறந்தால் வல்லைவெளி வரை கேட்கும். அன்று சாமான் பட்டியல் நீண்டது. முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் கதிரையில் இருப்பதும் எழுந்து வாசலுக்குப் போய்க் காரைப் பார்ப்பதும் திரும்பி வருவதுமாக இருந்தேன்.

"என்ன தம்பி, கால் சூட்டிலை நிக்கிற மாதிரி? காருக்குள்ளை பொன் கிடக்கோ?"

"இல்லை அக்கா. சும்மா."

அவ எழுந்து வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா. காரின் கீழே நிலம் நனைந்து, தண்ணீர் ஒரு கோடாக வாய்க்காலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஏசியில் இருந்து சொட்டும் தண்ணீர். பங்குனி வெயிலில் அவ்வளவு ஈரம் சேர எவ்வளவு நேரம் ஓடியிருக்க வேண்டும்!

"உந்தக் கார் வந்த நேரம் துடக்கம் ஓடிக்கொண்டெல்லோ நிக்குது?" என்றா யோகம் அக்கா.

"எது?"

"எஞ்சின்! காது அடைச்சுப்போச்சோ உமக்கு? என்ரை மனுசன் வலையைப் போட்ட உடனை எஞ்சினை நிப்பாட்டிப்போடுவார். விடியுமட்டும் வள்ளம் தன்ரை பாட்டிலை மிதக்கும். எஞ்சினை ஓட விட்டுக்கொண்டு மீனுக்குப் பாத்திருந்தால் கரைக்கு நீந்தித்தான் வரவேணும். நீர் என்னெண்டால் ரோட்டிலை நிண்டுகொண்டு எண்ணெயை எரிக்கிறீர். கண்டறியாத ஆக்கள்!"

அப்போதுதான் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. சத்தியமாக அதற்கு முன் கேட்டதே இல்லை. நாள் முழுக்க எஞ்சின் சத்தத்துக்குள் பிழைக்கிறவனுக்கு ஓடாத எஞ்சின்தான் கேட்கும். ஓடுகிற எஞ்சின் கேட்காது.

உடனே ஓடிப்போய் "நிப்பாட்டுங்கோ!" என்று கத்த வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன். இன்றைய நாள் வழமைபோல முடிய வேண்டும், இல்லாவிட்டால் கணக்குப் பிழைத்துவிடும். வாழ்க்கையில் நான் வாயை அடக்கிய மிகச் சில தருணங்களில் அதுவும் ஒன்று. கொப்பியை எடுத்து, கார் நின்ற இடங்களையும் நிமிடங்களையும் எழுதினேன். வட்டுக்கோட்டை இருபத்தைந்து. அச்சுவேலி நாற்பது. இங்கே ஐம்பத்தைந்து.

11.30. பருத்தித்துறை. அரை மணித்தியாலம். எஞ்சின் ஓடியது. நான் எழுதினேன்.

1.00. நெல்லியடி வழியாகக் கொடிகாமம். சந்தைக்குள் தேங்காய்க் குவியல்களையும், வாங்க ஆள் தேடும் பலாப்பழங்களையும் தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடை. ஒருவர் சாப்பாடு ஐந்நூறு ரூபாய். முருங்கைக்காய்க் கறியும் பயற்றங்காயும் நல்ல ருசி.

"வாங்கோ அண்ணை, சாப்பிடுவம்."

"நீங்கள் சாப்பிடுங்கோ தம்பி. எனக்குப் பசியில்லை. காரடியிலை நிக்கிறன்."

இரண்டு வருடத்தில் ஒருநாளும் அவர் எனக்கு முன்னால் இலை விரிக்காமல் இருந்ததில்லை. பாதிச் சோற்றில் எழும்பினேன். யன்னலால் பார்த்தபோது அவர் கார்ப் பக்கம்கூட நிற்கவில்லை. வீதிக்கு அந்தப் பக்கம், எல்லோருக்கும் தெரியும்படி, தாங்கியிலிருந்து முப்பது அடி தள்ளிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றார். கார் தன்பாட்டில் உறுமிக்கொண்டிருந்தது. நான் ஏன் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சாவகச்சேரியில் இருபது நிமிடம். பிறகு கைதடி, நாவற்குழிப் பாலம், அரியாலை.

3.45. யாழ்ப்பாணம், ஐந்துசந்தி. இங்கே எனக்குத் தெரிந்த நானா ஒருவர் ரயர்க் கடை வைத்திருக்கிறார். தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது தகப்பனோடு புத்தளத்துக்குப் போனவர், பிள்ளைகளோடு திரும்பி வந்து அதே வீதியில் கடை போட்டவர். காற்றும் பார்த்துவிடுவோமே என்று நிறுத்தச் சொன்னேன். குணம் அண்ணை தண்ணீர் குடிக்கப் போனார்.

நானா காற்றுமானியை நாலு ரயரிலும் வைத்துப் பார்த்தார். "எல்லாம் இருபத்திரண்டு. இந்தக் காருக்கு முப்பத்திமூண்டு வேணும்."

"இருபத்திரண்டோ! ஓட்டை ஏதும் இருக்கோ?"

நானா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஓட்டை ஒண்டும் இல்லை. உங்கடை டிரைவர்தான் மாசா மாசம் வந்து குறைக்கச் சொல்றவர். ரயர் தேயும், பெற்றோலும் இழுக்கும் எண்டு நானும் சொல்லிப் பாத்தன். கேக்கேல்லை. முதலாளிக்கு நாரி நோ, ரோட்டுக் குண்டு குழி அவருக்குத் தெரியக்கூடாது எண்டவர். நீங்கள்தான் சொல்லிவிட்டதாக்கும் எண்டு நினைச்சன்."

நான் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. என் நாரி சுகமாக வந்தது வைத்தியரின் மருந்தால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காற்றைக் கூட்டாமல் அப்படியே விடச் சொன்னேன். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னேன்.

4.50. அதே பெற்றோல் நிலையம், அதே நிலத்து ஓட்டை. பயண மீற்றர் 104.6. குழாய் இரண்டாம் தரம் வெட்டியபோது பத்தரை லீற்றர். ஆக, லீற்றருக்குப் பத்து. நாள் முழுக்க என் கண் முன்னால் நின்ற தாங்கி, என் பையில் இருந்த திறப்பு. ஒரு சொட்டையும் ஒருவரும் எடுக்கவில்லை.

கொப்பியைக் கூட்டினேன். கார் நின்றபடி ஓடியது மூன்று மணித்தியாலம் முப்பத்தைந்து நிமிடம்.

வீட்டு வாசலில் இறங்கும்போது கேட்டேன், "அண்ணை, கடையடியிலை நிக்கேக்கை ஏன் எஞ்சினை நிப்பாட்டுறேல்லை?"

அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. "நிப்பாட்டினால் பெற்றோல் போகுமெல்லோ தம்பி?"

"என்னண்டு?"

"என்ன தம்பி, மறந்துபோனியளோ? சண்டைக் காலத்திலை, பெற்றோல் தடைப்பட்ட அந்த நாளிலை நான் ஹயர்க் கார் ஓடினது மண்ணெண்ணெயிலை எல்லோ. சின்னப் போத்திலிலை துளி பெற்றோல் வைச்சிருப்பன், ஸ்ராட் பண்ண மட்டும். ஒருக்கா நிப்பாட்டினால் ஒரு மூடி பெற்றோல் போச்சு. செத்த வீட்டு வாசலிலை ரெண்டு மணித்தியாலம் நிண்டாலும் நிப்பாட்டமாட்டன். நிப்பாட்டாமல் ஓடுறவன்தான் மிச்சம் பிடிக்கிறவன்."

அடக் கடவுளே! நானும் அந்தக் காலத்தில் இங்கேதான் இருந்தேன். என் மோட்டார் சைக்கிளையும் அப்படித்தான் ஓட்டினேன், நானும் கடை வாசலில் நிறுத்தாமல் நின்றவன்தான். அன்று ஸ்ராட் பண்ணப் பெற்றோல், ஓட மண்ணெண்ணெய். நிறுத்தாமல் இருப்பது அன்று முழுப் புத்திசாலித்தனம். இன்று ஓடுவதும் பெற்றோலில் என்பதை அவருடைய கை இன்னும் நம்பவில்லை. என் காதும் நம்பவில்லை. பெற்றோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நினைத்தே அந்த மனிதர் அதை எரித்திருக்கிறார்.

"அதோடை, நீங்கள் வந்த உடனை வெளிக்கிட வேணும் எண்டு நிப்பியள்," என்றார் மெதுவாக. "ஒருநாள் கார் சூடாக் கிடந்ததுக்கு என்னைப் பேசினதும் ஞாபகம் இருக்கும்."

ஞாபகம் இருந்தது. நான் பேசிய சொற்களும் ஞாபகம் இருந்தன. அவற்றை இங்கே எழுத மாட்டேன்.

தயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். பிறகு, "கதை நல்லாத்தான் இருக்கு. அப்ப நிப்பாட்டி ஓடினால் பதினாலு வரவேணும். வந்தால் நம்புறன்," என்றாள். அவள் கணிதம் படிப்பிக்கிறவள். பாதி விடைக்குப் புள்ளி போடமாட்டாள்.

வியாழன், காலை 7.05. அதே நிலையத்தில் தாங்கியை மறுபடி நிறைத்து, மூடியைப் பூட்டி, மீற்றரைப் பூச்சியமாக்கினேன்.

முதல் நாளே ரயர்களுக்கு முப்பத்திமூன்று அடித்தாயிற்று. பின்பெட்டியில் ஆறு மாதமாகச் சும்மா கிடந்த பழைய பம்பையும் இறக்கினோம். நாற்பது கிலோ இரும்பை ஊர்வலம் கொண்டுபோனது வேறு யார், நான்தான். குணம் அண்ணையிடம் மூன்று விடயம் சொன்னேன்: நின்றால் நிறுத்துவது, முந்தாமல் ஐம்பதில் போவது, தூரத்தில் சந்தி தெரிந்தால் காலை எடுத்துவிடுவது. "சரி தம்பி," என்றார். அவ்வளவுதான். அவருக்கு அது கஷ்டமாகவே இருக்கவில்லை. கஷ்டமெல்லாம் எனக்கு.

ஐம்பதில் போகும் காருக்குள் இருப்பது எனக்கு நரகம். சங்கானைக்கும் அச்சுவேலிக்கும் இடையில் ஒரு தட்டிவானும் இரண்டு முச்சக்கர வண்டியும், கடைசியில் சைக்கிளில் கீரை கட்டிக்கொண்டு போன ஒருவரும் எங்களை முந்தினார்கள். சைக்கிள்காரர் இறக்கத்தில்தான் முந்தினார், இருந்தாலும் முந்தினார் அல்லவா! என் வலது கால் இல்லாத அக்சிலேற்றரை மிதித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு குழியும் நாரியில் நேரே வந்து இறங்கியது. இரண்டு வருடமாக அவர் எனக்காக வீதியிலிருந்து எடுத்து ஒளித்து வைத்த குழிகள் எல்லாம் ஒரே நாளில் திரும்பி வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அச்சுவேலியில் கார் வெயிலில் நிறுத்தப்பட்டது. திரும்பி வந்தபோது ஆசனம் தோசைக்கல். யன்னல்களைத் திறந்து, ஏறாமல் வெளியில் நின்று, உள்ளே வெக்கை போகும்வரை பொறுத்தோம். மூன்று நிமிடம். குணம் அண்ணை என் பக்கத்தில் நின்றார். எவ்வளவு காலமாகப் பின் ஆசனத்திலிருந்து அவருடைய பிடரியை மட்டும் பார்த்திருக்கிறேன்! இடது காதுக்குப் பின்னால் ஒரு பழைய தழும்பு. கேட்டேன். ஒருமுறை மண்ணெண்ணெய் எஞ்சின் திருப்பி அடித்த நெருப்பு என்றார்.

வல்வெட்டித்துறையில் யோகம் அக்கா வாசலுக்கே வந்து காது கொடுத்துப் பார்த்தா. "இண்டைக்குத்தான் கார் நித்திரை கொள்ளுது," என்று சிரித்தா. அங்கே வேம்பு நிழல் ஒன்றும் இருந்தது. அதற்குக் கீழே கார் நின்றது. நிழல் தேடலாம் என்ற யோசனை இவ்வளவு நாளும் எங்களுக்கு வரவே இல்லை.

முழுச் சுற்றும் முடிந்தபோது செவ்வாய்க்கிழமையை விட இருபது நிமிடம்தான் கூட. அத்தனை முந்தலும் அத்தனை கத்தலும் அந்த இருபது நிமிடத்துக்காக. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று யாரோ என்னைப் பார்த்துத்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

5.10. பெற்றோல் நிலையம். பின்னேர வகுப்பு முடிந்து தயா நேரே அங்கே வந்து நின்றாள். கார் நிலத்து ஓட்டைக்கு நேரே நின்றது. குழாய் ஒருமுறை வெட்டியது. பொறுத்தோம். இரண்டாம் முறை வெட்டியது. ஏழு புள்ளி மூன்று லீற்றர். பயண மீற்றர் 104.2.

தயா மனதில் பிரித்துவிட்டாள். "பதினாலே கால்," என்றாள். கொஞ்சம் நின்று, "பதினாலே கால்," என்று திரும்பவும் சொன்னாள். அவளுடைய குரல் இறங்கியிருந்தது. பிறகு குணம் அண்ணையின் பக்கம் போனாள். "அண்ணை, நான் பிழையா நினைச்சிட்டன். குறை நினைக்காதேங்கோ."

எனக்குப் பெரிய சந்தோசம். நல்ல காரியம் ஒன்று செய்து முடித்த மாதிரி நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஒரு மனிதரின் பெயரைக் காப்பாற்றியவன் நான் அல்லவா? பையிலிருந்து திறப்பை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"இந்தாங்கோ அண்ணை. இனி இது உங்களிட்டையே இருக்கட்டும்."

அவர் கை நீட்டவில்லை.

"வேண்டாம் தம்பி. உங்களிட்டையே இருக்கட்டும். இருந்தால்தான் எனக்கு நல்லது."

"இனி ஆரும் சந்தேகப்பட மாட்டினம் அண்ணை."

அவர் பயண மீற்றரைப் பார்த்தார். பிறகு என்னை. கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நூத்திநாலு கிலோமீற்றர், ரெண்டு தரம் ஓடியிருக்கிறம். என்னட்டை ஒரு கேள்வி கேட்டிருந்தால் காணுமே தம்பி. ஏன் நிப்பாட்டுறேல்லை எண்டு வாசலிலையே கேட்டிருக்கலாம். எடுத்தனியோ எண்டும் கேட்டிருக்கலாம். இல்லை எண்டு சொல்லியிருப்பன்."

எதற்கும் பொறுக்காதவன் நான். கடைக்காரன் மிச்சக் காசு தரப் பிந்தினால் கத்துகிறவன். ஒரு கேள்வியைக் கேட்பதற்கு மட்டும் மாதக்கணக்கில் பொறுத்திருந்தேன். அதை நினைத்தபடி நிலையத்தின் நடுவில் திறப்பும் கையுமாக நின்றேன். பின்னால் நின்ற வான்காரன் கோண் அடித்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆறரைக்கு வழமைபோல வந்தார். பூட்டு மூடியை நான் முதலே கழற்றி எறிந்துவிட்டுப் பழைய மூடியைப் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து ஆசனத்தில் ஏறினார். கடை வாசல்களில் இப்போது எஞ்சினை நிறுத்துகிறார், நிழல் பார்த்து விடுகிறார். எனக்கு நாரியில் குத்தும்போது தானாகவே வேகத்தைக் குறைக்கிறார். கார் பதினாலு ஓடுகிறது. சில வாரம் பதினாலரையும் ஓடும்.

ஆனால் பெற்றோல் நிலையத்துக்குப் போனால், கார் நின்றதும் குணம் அண்ணை இறங்கிவிடுகிறார். முப்பது அடி தள்ளிப்போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குழாய் வெட்டும்வரை வீதியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் கூப்பிட்ட பிறகுதான் வருகிறார்.